கயல் தலையில் உனக்கென்று விட்ட பாதி

கும்மிடிப்பூண்டி,
4.7.2006

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய துளசி அண்ணனுக்கு,

தங்கை கல்பனா கும்பிட்டு எழுதுவது. நீயும் அண்ணியும் ஓசூரில் சுகமாக இருப்பதாக நானே வைத்துக்கொள்கிறேன். கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. இங்கே அவர் சுகம். மாமனாருக்கு மூட்டுவலி, அதுவும் வழக்கம்போல சுகம். என்னை யாரும் கேட்பதில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். உன் மருமகள் கயல்விழி கடவுள் புண்ணியத்தில் கழுத்து வரைக்கும் பூரண சுகம். அதற்கு மேலே உள்ளதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதைச் சித்திரையிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவும் எழுதினேன். “அண்ணா, பதறாதே” என்று ஆரம்பித்தால் நீ அங்கேயே பதறிவிடுவாய் என்று கிழித்தேன். “ஒரு சின்ன விஷயம்” என்று ஆரம்பித்தேன், சின்ன விஷயத்துக்கா இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறாள் என்று நினைப்பாய் என்று அதையும் கிழித்தேன். இப்போது ஆனி முடியப் போகிறது. இனிமேல் தள்ளிப்போட்டால் கயல் தலையில் மழித்த பக்கமும் மழிக்காத பக்கமும் ஒன்றாக வளர்ந்து, நான் சொல்வதற்குச் சாட்சியே இல்லாமல் போய்விடும்.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் அவரும் சேர்ந்து ஊர் சுற்றியது என்று ஒன்றும் கிடையாது. சேர்ந்து போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும்தான். இந்த வருஷம் சித்திரையில் அவருடைய உருக்காலையில் ரிப்பேர் வேலைக்காக உலையை அணைத்துவிட்டு எல்லோருக்கும் சேர்ந்தாற்போல லீவு விட்டார்கள். அவர் அன்று வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, “கல்பனா, கெளம்பு. உன்ன ராட்டினத்துல ஏத்தாம உடமாட்டேன்” என்றார். திட்டமெல்லாம் அவரே போட்டார். முதலில் ஊத்துக்கோட்டை பக்கம் அவர் அப்பா வீடு, அங்கிருந்து பெரியபாளையத்தில் ஒரு கும்பிடு, திருப்பாச்சூரில் நம் சந்திரகலா சித்தி வீடு, அதற்கப்புறம் பூந்தமல்லி தாண்டி ஒரு பொழுதுபோக்குப் பூங்கா, மறுநாள் கடற்கரை ரோட்டில் இன்னொரு பூங்கா. கூட வேலை செய்கிற யேசுதாஸிடம் ஒரு ஆம்னி வேன் இருக்கிறது. அவரே ஓட்டுகிறேன் என்று வந்தார். நான் வெந்நீர் பிளாஸ்க், ஜுர மருந்து, தெர்மாமீட்டர், வயிற்றுப்போக்குக்குப் பொடி, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் இரண்டு கேன் எல்லாம் எடுத்துவைத்தேன். “சிஸ்டர், நாம போறது பார்க்குக்கா, புயல் நிவாரணத்துக்கா?” என்று யேசுதாஸ் கேட்டார். நீயே சொல் அண்ணா, இந்த ஊரில் காலையில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் சாம்பல் நிறமாகிறது. வேதியியல் படித்துவிட்டு இந்தக் காற்றில் ஒரு குழந்தையை வளர்ப்பவள் பயப்படாமல் வேறு என்ன செய்வாள்?

மாமனார் வீட்டில் ஒரு வாய் மோர் குடித்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. பூங்கா விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை, சித்தியைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தோம். நாங்கள் போய் இறங்கும்போதே அவர் வெள்ளை வேட்டி கட்டி, மஞ்சள் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். “பெரியபாளையம் வழியாத்தான போறீங்க? போ நைனா, போ” என்று யேசுதாஸிடம் சொன்னார். பையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மஞ்சளும் சந்தனமும் குழந்தைக்குப் புதுத் துணியும் இருந்தன.

மார்கழியில் கயலுக்கு ஜுரம் ஏறி வலிப்பு வந்தது. உனக்குத் தெரியாது, நான் தெரிவிக்கவில்லை. அப்போது மாமனார் அம்மனிடம் குழந்தையின் முடியைக் காணிக்கையாக நேர்ந்துகொண்டாராம். கோயில் வாசலில் வேனை நிறுத்தியதும்தான் சொல்கிறார். “மாமா, முதல் முடி. எங்கண்ணன் மடியில உக்கார வெச்சுத்தான் எறக்கணும். தாய்மாமன் இருக்கும்போது…” என்றேன்.

“எங்கம்மா கீறான்?” என்றார் மாமனார். “கொழந்த பொறந்ததுக்கு வந்தானா? வருவான் வருவான்னு முடிய உட்டுவெச்சி, அது கண்ணு ரெண்டையும் மூடிக்கினு கீது. அம்மனுக்கு வாக்கு குட்த்துட்டு நாளு தள்ளிக்கினே போனா நல்லாவா கீது?”

அண்ணா, என் வளைகாப்பில் முதல் பந்தியில் உட்கார்ந்த உன்னை, இலையில் அப்பளம் மட்டும் விழுந்திருந்த நேரத்தில், ஆலை சூப்பர்வைசருக்கு இடம் வேண்டும் என்று எழுப்பிவிட்டார்கள். நீ கையைக் கழுவிக்கொண்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாய். நான் கை நிறைய வளையலோடு மணையில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து வரக்கூடாது என்று பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் உன் போன் நம்பர் மாறியது. குழந்தைக்குக் கொலுசு மட்டும் கூரியரில் வந்தது. அந்தக் கவரில் இருந்த விலாசத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். இதையெல்லாம் கோயில் வாசலில் நின்று மாமனாரிடம் சொல்ல முடியுமா? எழுப்பியதே அவர்தான்.

யேசுதாஸ் நல்லவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அழாதீங்க சிஸ்டர். நான் உக்காந்துக்கறேன். நானும் உங்களுக்கு அண்ணன் மாதிரிதான்” என்று சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சம்மணம் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர், நெற்றி நிறைய குங்குமத்தோடு, மடியில் என் குழந்தையோடு. முடி இறக்குகிறவர் தண்ணீர் தெளித்து, வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். கயல் அலறிய அலறலில் பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். என் பிறந்த வீடு அந்தக் கத்தியோடு வழிந்து கீழே விழுகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் என் பையில் இருந்த அவருடைய செல்போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தேன். 04344. ஓசூர்.

அந்த எண்ணை எனக்குத் தெரியாதா? நீ அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் எத்தனை முறை அந்த எண்களைச் சுற்றியிருப்பேன்! பட்டனை அமுக்குவதற்குள் நின்றுவிட்டது. திருப்பிக் கூப்பிட்டேன், மணி அடிக்கிறது, அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. ஒரு ரூபாய் பூத்திலிருந்து பேசியிருப்பாய், நான் எடுக்காததால் கோபித்துக்கொண்டு போயிருப்பாய் என்று தோன்றியது. இத்தனை நாள் பேசாத அண்ணன், குழந்தையின் தலையில் கத்தி வைத்த நேரத்தில் கூப்பிடுகிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஓடிப்போய்க் கத்தி பிடித்த கையைப் பிடித்துவிட்டேன்.

“நிறுத்துங்க! எங்கண்ணன் போன் பண்ணிட்டான். மிச்சம் அவன் மடியிலதான்!”

“இன்னாம்மா நீ” என்றார் முடி இறக்குகிறவர். “இது இன்னா செவுத்துக்கு சுண்ணாம்பு அடிக்கிற வேலையா, இந்தப் பக்கம் இன்னிக்கி, அந்தப் பக்கம் அடுத்த மாசம்னு?”

“அடியே, பைத்தியம் கித்தியம் புட்ச்சிருச்சா? கொழந்தய இப்டியேவா பார்க்குக்கு இட்டுனு போவாங்க?” என்றார் அவர். அந்தப் பதற்றத்தில் பூங்கா விஷயமும் அவர் அப்பாவுக்குத் தெரிந்துபோனது. “பார்க்கா? இன்னா பார்க்கு?” என்று மாமனார் அவர் பக்கம் திரும்பினார். அந்த விசாரணை நடக்கிற நேரத்தில் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். யார் வந்து தட்டியும் திறக்கவில்லை. கடைசியில் யேசுதாஸ் ஒரு சிவப்புத் தொப்பி வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினார். வலது பக்கம் மொட்டை, அதில் சந்தனம். இடது பக்கம் தோள் வரை சுருட்டை முடி. அண்ணா, வலது பக்கமிருந்து பார்த்தால் சின்ன வயதில் நீ மாதிரியே இருந்தாள்.

திருப்பாச்சூரில் சித்தி வாசலுக்கு வந்து, தொப்பியைத் தூக்கிப் பார்த்து, “ஐயோ என் கண்ணே, எந்த ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணாங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நாங்கள் சொல்லி முடிப்பதற்குள், மூளையில் கட்டி என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது வரிசையாக ஆட்கள் வந்தார்கள், கையில் ஆரஞ்சுப் பழத்தோடு. ஒருவர் ஹார்லிக்ஸ் பாட்டிலே கொண்டுவந்துவிட்டார். “மனச தளர உடாதம்மா” என்று என் கையைப் பிடித்துச் சொல்லும்போது, இல்லை, இது மொட்டை, பாதியில் நிற்கிறது என்று எப்படி விளக்குவது? கயலின் அப்பா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். நான் அழுதேன். அழுததைப் பார்த்து, கட்டி உண்மைதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ராட்டினத்துக்காகக் கிளம்பியவர்கள் துக்க வீட்டிலிருந்து எழுந்து வருகிறவர்கள் மாதிரி பழப் பையோடு வெளியே வந்தோம்.

பூங்காவில் நுழையும்போதே அவருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மாமனார், பார்க்கை மறைத்த கோபத்தில், எதன் மேலும் ஏறமாட்டேன் என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அலைக்குளம் என்று ஒன்று இருக்கிறது. சங்கு ஊதினால் தண்ணீர் கடல் மாதிரி அலையடிக்கும். எத்தனை பேர் இறங்கிய தண்ணீர், எவ்வளவு குளோரின் போட்டிருப்பார்கள் என்று நான் கரையில் நின்றே மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கயலின் காலை மட்டும் நனைத்தோம். முதல் அலையிலேயே சிவப்புத் தொப்பி போய்விட்டது. சுற்றி இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் ஏதோ வியாதி என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்கள்.

அவருக்குப் பொறுக்கவில்லை. “உங்கண்ணன் ஒரு மிஸ்டு கால் உட்டதுக்கு எம்பொண்ண ஊரே பாக்கற மாதிரி பண்ணிட்டியே. அவன் பந்தியில எழுந்து போனப்ப எத்தினி பேருக்கு நான் பதில் சொன்னேன், தெரியுமா?”

“எழுப்புனது யாரு?”

“எழுப்புனா, வேற எலைல உக்கார வேண்டிதுதான? அதுக்குன்னு ஒரேடியா ஓசூருக்கா போவான்?”

“அவன் ஓசூர்லதான் இருக்கான்!”

இப்படியே கரையில் நின்று உன்னைப் பற்றிச் சண்டை போட்டோம். குழந்தை அவர் கையில் என்று நானும், என் கையில் என்று அவரும் இருந்திருக்கிறோம். சங்கு ஊதி, அலை அடித்து, அலை நின்று, தண்ணீர் அமைதியானபோது கயல் எங்கள் இருவர் கையிலும் இல்லை.

அந்த நேரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் சட்டை பேன்ட் எதுவும் பார்க்காமல் அப்படியே குளத்தில் குதித்தார். நான் கத்திய கத்தலில் எனக்கே காது அடைத்தது. அங்கே குழந்தைகளைப் பார்த்தால் எல்லாம் கோடை லீவில் திருப்பதிக்கும் பழனிக்கும் போய்விட்டு வந்த மொட்டைகள். திரும்பிய பக்கமெல்லாம் சந்தனம் பூசிய தலை. ஒவ்வொரு தலையாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன், அவர்களுடைய அம்மாக்கள் என்னைத் திட்டினார்கள். மைக்கில் அறிவிக்கிற இடத்துக்கு யேசுதாஸ்தான் என்னை இழுத்துப்போனார். அங்கே இருந்தவர், “அடையாளம் சொல்லுங்க மேடம்” என்றார். மஞ்சள் கவுன் என்றேன். “மஞ்சள் கவுன் நெறைய இருக்கு. வேற?” என்றார். “வலது பக்கம் மொட்டை” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வலது பக்கம் மட்டும் மொட்டை அடிக்கப்பட்ட பெண் குழந்தையைக் காணவில்லை” என்று பூங்கா முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எல்லோரும் திரும்பித் தங்கள் பக்கத்தில் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் மக்காச்சோளம் விற்கிற ஒரு அம்மா, ஆரோக்கியமேரி என்று பெயர், இடுப்பில் கயலோடு வந்தாள். கயல் பூங்காவின் அந்தக் கோடியில் பொம்மை ரயிலுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாளாம். கையில் சோளம் வேறு. “மத்த மொட்டைங்கள்லாம் ஒண்ணு மாதிரி ஒண்ணு கீது. இத பாத்தப்புறம் எப்டிம்மா மறக்க முடியும்?” என்றாள் அந்த அம்மா. நான் அவள் காலில் விழப்போனேன். “ஏந்திரி, ஏந்திரி. மொதல்ல மிச்சத்தயும் அடிச்சி உடு” என்றாள்.

யோசித்துப் பார் அண்ணா. முழு மொட்டை அடித்திருந்தால் அத்தனை மொட்டைகளில் அவளும் ஒரு மொட்டை. உனக்கென்று நிறுத்திவைத்த பாதிதான் அவளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

அவர் ஈரம் சொட்டச் சொட்டக் கயலைத் தூக்கி வைத்துக்கொண்டார், யாரிடமும் கொடுக்கவில்லை. மாமனார் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார், கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து, “உங்கண்ணன் போன் பண்ணான்ற, அவனேதானா?” என்று கேட்டார். ஓசூர் நம்பர் மாமா என்றேன். “அவ்ளோ ரோசக்காரன், அவனே மொதல்ல போன் பண்ட்டான். அப்பறம் நாம எறங்கி வர்றதுல இன்னா கொறைச்சல்? பந்தில எழுப்புனது நாந்தாம்மா. எழுது. வரட்டும். அவனுக்கு எல போட்டு நானே பரிமாறுறேன், அப்பளத்துலேருந்து” என்றார். மாமனார் யாரிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு, “நானும் எதனா பேசிருந்தா மன்னிச்சிக்க சொல்லு” என்றார்.

மறுநாள் கடற்கரை ரோட்டுப் பூங்காவுக்கும் போனோம், அதாவது அதன் வாசலுக்குப் போனோம். ஒருவருக்கும் இறங்கத் தைரியம் வரவில்லை. வேனுக்குள்ளேயே உட்கார்ந்து எலுமிச்சைச் சாதமும் மீதி ஆரஞ்சும் சாப்பிட்டுக்கொண்டு, மதிலுக்கு மேலே சுற்றுகிற ராட்டினத்தைப் பார்த்தோம். “தோ, பாத்துக்க, ராட்டினம்” என்றார் அவர். யேசுதாஸ் வண்டியைத் திருப்பினார். எங்கள் கோடைச் சுற்றுலா அத்தோடு முடிந்தது.

அன்றிலிருந்து தலையில் துண்டு கட்டாமல் கயலை வெளியே கொண்டுபோவதில்லை. பக்கத்து வீட்டார் கேட்டால் பேன் மருந்து போட்டிருக்கிறது என்று சொல்கிறேன். மழித்த பக்கம் முள்ளு முள்ளாக வளர்ந்துவிட்டது. ஆடி முதல் ஞாயிறு பெரியபாளையத்தில் நேர்த்திக்கடன் கூட்டம் ஆரம்பித்துவிடும், அதற்கு மேல் அம்மனைக் காக்க வைக்கக் கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டார். நீ வராவிட்டால் அவர்கள் பக்கத்து ஆள் யாராவது மடி கொடுத்து மிச்சத்தை எடுத்துவிடுவார்கள். தப்பு சொல்லவும் முடியாது. ஆனால் அதற்கப்புறம், உன் பிறந்த வீடு எங்கே என்று யாராவது கேட்டால் நான் எந்தப் பக்கம் கையைக் காட்டுவேன்? நீ பணம் காசு, சீர் எதுவும் கொண்டுவர வேண்டாம். மடியோடு வந்தால் போதும்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். ஓசூர் குளிருக்கு இருவரும் காதை மூடிக்கொள்ளுங்கள். பெரியபாளையத்தாள் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். மருமகள் தன் பாதித் தலையால் உன்னைக் கும்பிடுகிறாள்.

வழி பார்த்திருக்கும்,
கல்பனா

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுத் தபால்பெட்டிக்குக் கிளம்பும்போது செல்போன் அடித்தது. அதே 04344. அதே நம்பர். எடுத்ததும் “அண்ணா” என்றேன். ஒரு பெண் குரல், “வாழ்த்துகள் மேடம்! உங்க நம்பர் செலக்ட் ஆயிருக்கு. கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் எங்க கம்பெனியோட ஃப்ரீ கோடைச் சுற்றுலா, தீம் பார்க் என்ட்ரியோட. ரெண்டு பேரும் சேர்ந்து நேர்ல வரணும்” என்றது. சித்திரை மாதத்தில் ஒருநாள் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். “ஆமா மேடம், அப்பவே ட்ரை பண்ணோம், நீங்க எடுக்கல” என்றாள். நான் மூக்கை உறிஞ்சுவது கேட்டு, “மேடம், அழறீங்களா?” என்று கேட்டுவிட்டு அவளே வைத்துவிட்டாள்.

ஆக, நீ கூப்பிடவே இல்லை. கவரைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். கிழித்துப் போடத்தான் நினைத்தேன், கயல் வந்து மடியில் உட்கார்ந்துவிட்டாள், வலது பக்கம் தெரிகிற மாதிரி. இவரிடமும் மாமனாரிடமும் நான் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. மாமனார் உனக்காக கொல்லை வாழையில் இலை பார்த்து வைத்திருக்கிறார். அவர்களுக்கு நீதான் முதலில் கூப்பிட்டாய். ஆடி முதல் ஞாயிறு வந்துவிடு அண்ணா. யாராவது கேட்டால், “ஆமா, அன்னிக்கி நான்தான் போன் பண்ணேன்” என்று மட்டும் சொல்லிவிடு.